ஒரே கணினியில் இரண்டு பாண்டாஸ்: நூலகப் பதிப்புகளைப் பிரித்து வைப்பது எப்படி?

2021ஆம் ஆண்டின் கடைசியில் நான் எழுதிய சிறிய பைதான் நிரல் ஒன்று, மாதம் தவறாமல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று நின்றுபோனது. ஓர் அலுவலகத்தின் வருகைப்பதிவுக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவற்றின் வரிசைகளை ஒரே அட்டவணையில் சேர்த்து, யார் எத்தனை நாள் வந்தார் என்று எண்ணித் தருவதுதான் அதன் வேலை. இடையில் அந்த நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை. ஆனாலும் 'டேட்டாஃபிரேம்' என்ற பொருளுக்கு, அதாவது நிரலுக்குள் இருக்கும் அட்டவணைக்கு, வரிசைகளைச் சேர்க்கும் 'அப்பெண்ட்' என்ற பண்பே கிடையாது என்று திரையில் பிழைச்செய்தி வந்து நின்றது. போன மாதம் வரை இருந்த பண்பு எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கிய பிறகுதான், முந்தைய வெள்ளிக்கிழமை வேறொரு வேலைக்காகப் பாண்டாஸ் நூலகத்தின் புதிய பதிப்பை அதே கணினியில் நிறுவியது நினைவுக்கு வந்தது.

நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் அனைவரும் என்றாவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பெரும்பாலான பாடங்கள் நூலகத்தை நிறுவும் கட்டளையைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன; நிறுவியது எங்கே போய் அமர்கிறது, அங்கே ஏற்கெனவே இருந்தது என்ன ஆகிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு விவரம் விளங்கிவிட்டால் மற்றவை எல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

நூலகம், அதாவது நிரலாளர்கள் பேச்சில் லைப்ரரி, என்பது வேறு யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. அட்டவணைகளைக் கையாளப் பாண்டாஸ், எண் வரிசைகளைக் கணக்கிட நம்பை என்று பைதானில் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று உண்டு. 'பிப்' என்ற நிறுவி, இவற்றைப் பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, கணினியில் உள்ள பைதானுக்குச் சொந்தமான 'சைட்-பேக்கேஜஸ்' என்ற கோப்புறைக்குள் வைக்கிறது. அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் உள்ளே 'பாண்டாஸ்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். பெயரில் பதிப்பு எண் கிடையாது, வெறும் 'பாண்டாஸ்' மட்டும்தான். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்க முடியாது என்பதால், 2.2 பதிப்பை நிறுவச் சொன்னால் பிப் முதலில் பழைய 1.3.5 பதிப்பை நீக்கிவிட்டு அதன் இடத்தில் புதியதை வைக்கிறது. நிறுவும்போது வேகமாக ஓடி மறையும் வரிகளுக்கு நடுவே, பழைய பதிப்பு நீக்கப்பட்டது என்ற அறிவிப்பும் ஓடுகிறது. நான் அதைப் படிக்கவில்லை.

நிரல் ஓடும் நேரத்திலும் இதே விதிதான். 'இம்போர்ட் பாண்டாஸ்' என்ற வரியைக் கண்டதும் பைதான் தன்னிடமுள்ள பாதைகளின் பட்டியலை வரிசையாகப் பார்த்து, அந்தப் பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. எடுத்ததைப் பெயரின் கீழ் நினைவகத்தில் குறித்துவைத்து, அதே ஓட்டத்தில் அடுத்த முறை யார் கேட்டாலும் அதையே கொடுக்கிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று அந்த வரியில் கேட்பதற்கு வழியே இல்லை. எல்லா மொழிகளிலும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ் உலகில் ஒவ்வொரு தொகுப்பும் தனக்கு வேண்டியவற்றைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும் என்பதால், ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒரே செயலிக்குள் அருகருகே இயங்கும். பைதானில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான், ஓர் இடத்தில் ஒரு பதிப்புதான். ஆகவே இரண்டு பதிப்புகள் வேண்டுமென்றால் இரண்டு இடங்களை உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த இடத்தை உருவாக்குவதற்கு முன், பதிப்பு எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 1.3.5 என்பதில் மூன்று எண்கள் இருக்கின்றன. டாம் பிரெஸ்டன்-வெர்னர் என்ற நிரலாளர் எழுதிவைத்த, இன்று பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வழக்கத்தின்படி, கடைசி எண் கூடினால் பிழைகள் மட்டும் திருத்தப்பட்டிருக்கின்றன; நடு எண் கூடினால் புதிய வசதிகள் சேர்ந்திருக்கின்றன, பழையவை கெடவில்லை; முதல் எண் கூடினால் பழைய நிரல்கள் உடையக்கூடிய மாற்றங்கள் வந்திருக்கின்றன. இவை தசம எண்கள் அல்ல என்பதால் 1.10 பதிப்பு 1.9 பதிப்புக்குப் பின்னால்தான் வரும். புள்ளிக்குப் புள்ளி தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கம் நூலகத்தை எழுதுபவர்கள் கொடுக்கும் வாக்கு மட்டுமே, அதை எந்தக் கருவியும் காவல் காப்பதில்லை. என் நிரலில் உடைந்த 'அப்பெண்ட்' விஷயத்தில் பாண்டாஸ் குழு முறைப்படிதான் நடந்துகொண்டது: 2022 ஜனவரியில் வந்த 1.4 பதிப்பிலேயே, இந்தப் பண்பு நீக்கப்படவிருக்கிறது, இனி 'கான்கேட்' என்பதைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கத் தொடங்கி, 2023 ஏப்ரலில் 2.0 வந்தபோதுதான் நீக்கியது. என் கணினி 1.3.5 பதிப்பிலிருந்து நேராக 2.2க்குத் தாவியதால், நடுவில் இருந்த எச்சரிக்கைக் காலம் முழுவதும் என் கண்ணில் படாமல் போயிற்று. நம்பையோ வேறு விதம். 'நம்பை ஃப்ளோட்' என்ற பழைய பெயரை அது நீக்கியது, 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பில். அதாவது முதல் எண் மாறாமலேயே ஏராளமான நிரல்கள் உடைந்தன. அங்கேயும் 1.20 பதிப்பிலிருந்தே எச்சரிக்கை இருந்தது என்றாலும், முதல் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்தவர்களை அது காப்பாற்றவில்லை.

இனி, இடத்தை உருவாக்குவது. மெய்நிகர் சூழல் என்ற பெயரைக் கேட்டதும், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் பெரிய ஏற்பாடு என்று பலர் தயங்குகிறார்கள். அது ஒரு கோப்புறை, அவ்வளவுதான். 2007இல் இயன் பிக்கிங் 'வர்ச்சுவல்என்வ்' என்ற தனிக் கருவியாக எழுதிய இந்த யோசனை, 2012இல் வந்த பைதான் 3.3 பதிப்பிலிருந்து 'வென்வ்' என்ற பெயரில் மொழியோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் திட்டத்தின் கோப்புறைக்குள் நின்றுகொண்டு 'பைதான் -எம் வென்வ் சூழல்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், முனையத்தில், அதாவது கட்டளைகளைக் கொடுக்கும் டெர்மினல் சாளரத்தில், python -m venv என்பதுபோல் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.) 'சூழல்' என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த எந்தப் பெயரும் வைக்கலாம்.

பிறந்த கோப்புறையைத் திறந்து பாருங்கள், ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுவது தகும். உள்ளே பைதானை இயக்கும் கோப்பு ஒன்று இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் 'பின்' என்ற உட்கோப்புறையிலும், விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற உட்கோப்புறையிலும் அதைக் காணலாம். அதனோடு, இந்தச் சூழலுக்கே சொந்தமான, ஏறக்குறைய காலியான ஒரு 'சைட்-பேக்கேஜஸ்' கோப்புறை இருக்கும். மூன்றாவதாக, மூலப் பைதான் கணினியில் எங்கே இருக்கிறது என்பதைச் சில வரிகளில் குறித்துவைத்திருக்கும் ஓர் அமைப்புக் கோப்பு இருக்கும். சூழலுக்குள் இருக்கும் பைதானை இயக்கினால், அது இந்த அமைப்புக் கோப்பைப் பார்த்து, மொழியோடு வரும் அடிப்படைத் தொகுப்புகளை மூலப் பைதானிடமிருந்தும், நாம் நிறுவிய நூலகங்களைத் தன் சொந்தக் கோப்புறையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை.

பாடங்களில் சொல்லப்படும் 'ஆக்டிவேட்' என்ற படி, முனையத்தில் 'பைதான்' என்று தட்டச்சு செய்தால் எந்தப் பைதான் எழுந்து வர வேண்டும் என்பதை மாற்றும் ஒரு வசதி மட்டுமே. அதைச் செய்யாமல், சூழலுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையைக் கொடுத்து இயக்கினாலும் அதே பலன் கிடைக்கும். தானாக ஓட வேண்டிய மாதாந்தர வேலைகளுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன், எந்தச் சூழல் ஓடுகிறது என்பது கட்டளையிலேயே எழுதியிருக்கும் அல்லவா? அதே காரணத்துக்காக, நிறுவும்போதும் வெறும் 'பிப்' என்று சொல்லாமல் 'பைதான் -எம் பிப்' என்று சொல்லிப் பழகுங்கள். அப்படிச் சொன்னால் எந்தப் பைதானை அழைக்கிறீர்களோ அதற்குரிய இடத்தில்தான் நூலகம் போய் அமரும். ஐயம் வந்தால் 'பிப் ஷோ பாண்டாஸ்' என்று கேட்டால், பதிப்பு எண்ணையும் அது அமர்ந்திருக்கும் கோப்புறையையும் சேர்த்தே சொல்லிவிடும்.

சூழலின் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்துவதோ, இன்னொரு கணினிக்குப் படியெடுத்துச் செல்வதோ கூடாது. அதற்குள் உள்ள கோப்புகளில் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருப்பதால் நகர்த்தினால் உடைந்துபோகும். நிரலில் செய்த மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்திலும் அதைச் சேர்க்கக் கூடாது. சூழல் என்பது வேண்டும்போது உருவாக்கி, வேண்டாதபோது அழித்துவிடக் கூடியது.

லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சிலவும் பைதானில் எழுதப்பட்டவை என்பதால், பொதுவான பைதானில் நாம் நூலகங்களை மாற்றினால் இயங்குதளமே பாதிக்கப்படலாம். ஆகவே 2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலிருந்து, பொதுவான பைதானில் பிப் மூலம் நிறுவ முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பைத் தாண்டிப்போக ஒரு வழி இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துப் பயன்படுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சூழலை உருவாக்கிக்கொள்ள ஒரே ஒரு கட்டளைதான் தேவைப்படும்.

சூழலை அழித்தாலும் மீண்டும் உருவாக்கலாம் என்று சொல்ல வேண்டுமென்றால், அதற்குள் என்னென்ன இருந்தன என்பதை எங்காவது எழுதிவைத்திருக்க வேண்டும். வழக்கமாக இது 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்ற பெயருள்ள உரைக்கோப்பு. இங்கேதான் நான் இரண்டாவது முறை விழுந்தேன், முதல் விழுதலைவிட இதிலிருந்து அதிகம் கற்றுக்கொண்டேன்.

உடைந்த வருகைப்பதிவு நிரலுக்கு ஒரு தனிச் சூழலை உருவாக்கி, பாண்டாஸ் ==1.3.5 என்று ஒரே வரியைப் பட்டியலில் எழுதி, பைதான் 3.9இல் நிறுவினேன். பிழை எதுவும் இல்லாமல் நிறுவி முடிந்தது. ஆனால் நிரலை ஓட்டியதும், 'அப்பெண்ட்' வரியை எட்டுவதற்கு முன்பே, 'இம்போர்ட் பாண்டாஸ்' என்ற முதல் வரியிலேயே நின்றது: நம்பையின் ஓர் உள்ளமைப்பின் அளவு மாறியிருக்கிறது, இரும வடிவில் பொருந்தாமல் இருக்கலாம் என்று செய்தி. பாண்டாஸ் பதிப்பைச் சரியாகத்தான் குறித்திருந்தேன். குறிக்காமல் விட்டது நம்பையை.

நான் நேரடியாகக் கேட்காத நம்பை ஏன் வந்தது என்றால், பாண்டாஸ் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. இப்படி ஒன்று தனக்காக அழைத்துவரும் நூலகத்தைச் சார்பு என்கிறோம். பாண்டாஸ் 1.3.5 வெளியான 2021 டிசம்பரில், நம்பை 1.17.3 அல்லது அதற்குப் பிந்தைய எதுவாயினும் சரி என்று பைதான் 3.9க்கான அதன் குறிப்பு சொன்னது. மேல்வரம்பு எதுவும் போடவில்லை. 2024 ஜூனில், 2006க்குப் பிறகு முதன்முறையாக முதல் எண்ணை மாற்றிக்கொண்டு நம்பை 2.0 வந்தது. பழைய நம்பையை வைத்து இயந்திர வடிவுக்குத் தொகுக்கப்பட்ட பாண்டாஸ் அதனோடு ஒட்டவில்லை. ஆனால் குறிப்பில் உள்ள நிபந்தனைப்படி 2.0 என்பது 1.17.3க்குப் பிந்தையதுதானே? பிப் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. 2021இல் சரியாக இருந்த அதே ஒரு வரிப் பட்டியல், ஒரு புள்ளிகூட மாறாமல், 2024இல் தவறாகிவிட்டது.

ஆகவே நேரடியாகக் கேட்டவற்றை மட்டும் குறித்துவைப்பது போதாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சூழலுக்குள் நின்று 'பிப் ஃப்ரீஸ்' என்று கட்டளை கொடுத்தால், கேட்டு வந்தவை, கேட்காமல் வந்தவை எல்லாவற்றையும் துல்லியமான பதிப்பு எண்களோடு வரிவரியாகத் தரும்; அதை அப்படியே கோப்பில் சேமித்து, நிரலோடு சேர்த்துக் கிட்டில் வையுங்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சில மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது, அந்த நீண்ட பட்டியலில் எதை நாம் விரும்பிக் கேட்டோம், எது தொற்றிக்கொண்டு வந்தது என்பது தெரியாது. அதனால் இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று நீங்கள் கையால் எழுதும், ஓரிரு வரிகள் கொண்ட விருப்பப் பட்டியல். மற்றது அதிலிருந்து கருவி உருவாக்கும் முழுப் பட்டியல். இரண்டாவதைப் பூட்டுக்கோப்பு என்று சொல்வது வழக்கம். பிப்-டூல்ஸ், பொயட்ரி, அண்மையில் வந்து மிக வேகமாக வேலை செய்யும் யூவி ஆகிய கருவிகள் இந்த இரட்டை ஏற்பாட்டையே செய்கின்றன. ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதோடு இருந்துவிடுங்கள். எது சிறந்தது என்ற விவாதத்தில் தொடக்கக்காரர் நேரம் செலவிட வேண்டியதில்லை.

விருப்பப் பட்டியலில் பயன்படும் குறிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். == என்றால் இந்தப் பதிப்பேதான். >= என்றால் இது அல்லது இதற்குப் பிந்தையது, மேல்வரம்பில்லை. ~= என்பது இடைப்பட்டது: ~=1.4.2 என்று எழுதினால் 1.4.2 முதல் 1.4 வரிசையின் கடைசி வரை எதுவும் வரலாம், 1.5 வராது; ~=1.4 என்று எழுதினால் 1.4 முதல் 1 என்று தொடங்கும் எதுவும் வரலாம், 2.0 வராது. கடைசி எண்ணை எழுதுவதா விடுவதா என்பதிலேயே பொருள் இவ்வளவு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதும் நேரமும் வரும். பாண்டாஸ் 2.2.1 பதிப்பின் குறிப்பு, நம்பை 2க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்கிறது. அதனோடு நம்பை 2.0 பதிப்பையும் சேர்த்துக் கேட்டால், 2020 இறுதியில் வந்த பிப் 20.3 முதலான பதிப்புகள், இவை இரண்டும் சேர்ந்திருக்க முடியாது என்று சொல்லி நிறுவ மறுத்துவிடும். அதற்கு முந்தைய பிப் இத்தகைய பொருந்தாத இணைகளை நிறுவிவிட்டுப் போகக்கூடியதாக இருந்தது. பிழை பிறகு எங்கோ, எப்போதோ வெளிப்படும். மறுப்புச் செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை முழுவதும் படியுங்கள். எந்த நூலகம் எதைக் கேட்கிறது என்பது அதிலேயே எழுதியிருக்கும். இந்த மோதலுக்குத் தீர்வு, நம்பை 2.0ஐ ஏற்றுக்கொள்ளும் பாண்டாஸ் 2.2.2 பதிப்புக்குச் செல்வது. மேலே செல்ல வழியில்லாத நேரங்களில் மற்றதைக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

பைதானின் பதிப்பும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாண்டாஸ் 1.3.5க்கு ஆயத்தமாகத் தொகுக்கப்பட்ட கோப்புகள் பைதான் 3.10 வரைதான் கிடைக்கின்றன. அதைவிடப் புதிய பைதானில் நிறுவ முயன்றால், மூலநிரலிலிருந்து தொகுக்கத் தொடங்கி, பெரும்பாலும் பாதியில் பிழையோடு நிற்கும். வென்வ் தன்னை உருவாக்கிய பைதானையே பயன்படுத்துவதால், பழைய பைதான் வேண்டுமென்றால் அதை முதலில் கணினியில் தனியாக நிறுவ வேண்டும். பைஎன்வ், யூவி போன்ற கருவிகள் பல பைதான்களை அருகருகே வைத்துக்கொள்ள உதவுகின்றன.

இதுவரை சொன்னது நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கானது. நீங்களே ஒரு நூலகத்தை எழுதிப் பிறருக்கு வெளியிடுகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே எல்லாவற்றையும் == போட்டுப் பூட்டினால், உங்கள் நூலகத்தோடு வேறு எதையும் சேர்த்து நிறுவ முடியாமல் போய்விடும். அகலமான வரம்பைக் கொடுத்து, அந்த வரம்பின் இரு முனைகளிலும் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. டாக்ஸ் என்ற கருவி, வெவ்வேறு பதிப்புகளுக்குத் தனித்தனிச் சூழல்களைத் தானே உருவாக்கி, உங்கள் சோதனைகளை ஒவ்வொன்றிலும் ஓட்டிக் காட்டும்.

வருகைப்பதிவு நிரலுக்குத் திரும்புகிறேன். நம்பைக்கு 1.21 வரிசையைக் குறிப்பிட்டு ஒரு சூழலை உருவாக்கியதும் அது பழையபடி ஓடியது, அந்த மாத அறிக்கையும் நேரத்துக்குப் போனது. ஆனால் என்றென்றும் 1.3.5 பதிப்பிலேயே இருக்க முடியாது என்பதால், அடுத்த வாரம் அதே திட்டத்துக்குப் பாண்டாஸ் 2.2 பதிப்போடு இரண்டாவது சூழல் ஒன்றை உருவாக்கினேன். ஒரே மாதத்தின் கோப்புகளை இரண்டு சூழல்களிலும் ஓட்டி, வெளிவரும் அட்டவணைகளை வரிக்கு வரி ஒப்பிடுவது திட்டம். 'அப்பெண்ட்' வரிகளைத் திருத்துவது எளிது: கோப்புகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு கடைசியில் ஒரே முறை 'கான்கேட்' செய்தேன், ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதையும் படியெடுத்த பழைய முறையைவிட இது வேகமாகவும் ஓடியது.

எதிர்பாராதது தேதிகளில் வந்தது. ஒரு கிளையின் கோப்பில் தேதிகள் 01-06-2024 என்று, நாளை முதலில் வைத்து எழுதப்பட்டிருந்தன. பழைய பாண்டாஸ் ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக ஊகித்ததால், 13-06-2024 என்பதை ஜூன் 13 என்று சரியாகவும், 01-06-2024 என்பதை ஜனவரி 6 என்று தவறாகவும், எதுவும் சொல்லாமல் படித்துவந்திருக்கிறது. அறிக்கை மொத்த நாள்களை மட்டும் எண்ணியதால் அது வெளியே தெரியவில்லை. 2.0 பதிப்பிலிருந்து பாண்டாஸ் முதல் தேதியைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவுசெய்து எல்லாவற்றுக்கும் அதையே பொருத்துகிறது. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால், புதிய சூழலில் நிரல் அந்த வரியில் நின்றுவிட்டது. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு சிறு சேர்க்கையோடு அது சரியானது. இரண்டு சூழல்களின் மொத்தங்களும் ஒத்துப்போன பிறகு, புதிய பூட்டுக்கோப்பைக் கிட்டில் சேர்த்துவிட்டுப் பழைய சூழலின் கோப்புறையை அழித்தேன். 1.3.5 வேலை செய்த பட்டியல் கிட்டின் வரலாற்றில் இருக்கிறது. தேவைப்பட்டால் அந்தச் சூழலை அதிலிருந்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.